பிரபலம் ஒருவரின் உருவ ஓவியத்தை முன்னிறுத்தும் அருங்காட்சியகக் கண்காட்சியை எப்படி மதிப்பிடுவது?

ஓவியர் டேவிட் ஹாக்னி வரைந்த பாடகர் ஹாரி ஸ்டைல்ஸின் படம் லண்டனில் உள்ள தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டதைக் குறிப்பிட்டு, முகச் சாயலே சரியாக வரவில்லை என்று பலர் சொல்லும் ஒரு படத்தைப் பாடகரின் புகழுக்காக மட்டும் மாட்டினார்களா, இப்படிப்பட்ட கண்காட்சியை எதை வைத்து நல்லது என்றோ மோசம் என்றோ சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தக் கண்காட்சியை நேரில் பார்த்தேன். பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தவன் என்பதோடு, உருவப்படம் எழுதிப் பிழைத்த ஒருவரின் மகன் என்பதாலும் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

என் தந்தையார் திருநெல்வேலி டவுனில், ரத வீதி ஒன்றின் மாடியறையை வாடகைக்குப் பிடித்து, புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டுப் பெரிதாக்கி ஆயில் பெயிண்டில் உருவப்படம் எழுதிக் கொடுத்தார். கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோவை நடத்திய கொண்டையராஜுவின் (1898–1976) சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு காலண்டராகத் தொங்கிய காலம் அது. அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்தே தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அப்பா. அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். கையில் ஒரு சிறிய பாஸ்போர்ட் படமோ, கல்யாண வீட்டில் கூட்டமாக நின்று எடுத்துக்கொண்ட படமோ கொண்டுவருவார்கள்.

அப்படி ஒருமுறை சேரன்மகாதேவியிலிருந்து ஓர் ஆச்சி வந்து, வண்டி ஓட்டிப் பிழைத்த தன் கணவரின் படத்தை எழுதச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதி முடித்த படத்தைப் பார்க்க வந்த அன்று நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "மொகமெல்லாம் அவுகதான். ஆனா அவுக இப்படி நிமிந்து இருக்க மாட்டாக, தம்பி" என்றார்கள். எப்படி இருப்பார் என்று அப்பா கேட்டதும், அங்கே கிடந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்து, வலது தோளை ஒரு விரற்கடை தாழ்த்திக் காட்டினார்கள். அப்பா முகத்தில் ஒரு தீற்றல்கூடச் சேர்க்காமல் தோளையும் கழுத்தையும் மட்டும் மாற்றி எழுதினார். மறுமுறை வந்த ஆச்சி ஒன்றும் சொல்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்த உருவப்படத்தைப் பார்த்தாலும், முதலில் உள்ளங்கையை நீட்டி முகத்தை மறைத்துவிட்டு மற்றதைப் பார் என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மீதியிலும் அந்த ஆள் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் இதுதான்.

புகழுக்காக மாட்டினார்களா என்ற பகுதிக்கு விடை எளிது. 1856இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகம், ஓவியரின் திறமையைவிட ஓவியத்தில் இருப்பவரின் சிறப்பையே முதன்மையாகக் கருதுவது என்ற கொள்கையோடுதான் தொடங்கியது. அரச குடும்பத்து விதிவிலக்கைத் தவிர, ஒருவர் இறந்து பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் படத்தைச் சேர்ப்பது என்று நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. உயிரோடு இருப்பவர்களின் படங்களுக்கு இடம் கிடைத்தது 1969இல்தான். ஆகவே பாடகரின் படம் அங்கே தொங்குவது வழி தவறியது ஆகாது. அங்கே கேட்க வேண்டியது, புகழைக் காட்டி அழைத்து வந்தவர்களுக்கு உள்ளே என்ன தருகிறார்கள் என்பதே.

ஸ்டைல்ஸ் படம் 2022 மே மாத இறுதியில், பிரான்சின் நார்மண்டியில் ஹாக்னியின் ஓவியக்கூடத்தில் இரண்டு நாட்களில் வரையப்பட்டது. அப்போது ஹாக்னிக்கு வயது 84. முன்வரைவு எதுவும் இல்லாமல், அக்ரிலிக் வண்ணத்தைத் தொட்டுத் தூரிகையாலேயே நேரடியாகக் கேன்வாஸில் வரைந்திருக்கிறார். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆயில் பெயிண்டைப் போல மறுநாள் வந்து ஈரத்தோடு குழைத்துத் திருத்த இடம் தராது. எனவே அந்தப் படத்தில் நீங்கள் பார்க்கும் கோடுகள், எதிரே ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, அவரைப் பார்த்த கண் எடுத்த முடிவுகள். இந்த முறையில் வரைந்த படத்தை, விளக்கை ஏற்றி எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டு "உரிச்சு வச்சாப்புல இல்லையே" என்று குறை சொல்வது, மண்பானையில் வார்ப்படத்தின் வழவழப்பைத் தேடுவதைப் போன்றது.

அப்பா சொன்னபடி முகத்தைக் கையால் மறைத்துப் பார்த்தேன். பிரம்பு நாற்காலி, நீல ஜீன்ஸ், கழுத்தில் முத்துமாலை, சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட பின்னல் சட்டை. அந்தச் சட்டையின் முன்னால் நான் கால் மணி நேரமாவது நின்றிருப்பேன். கோடுகள் உடம்பின் மேல் வளைந்து போகும் விதத்திலேயே உள்ளே ஓர் உடல் இருப்பது தெரிகிறது. நிழல் போட்டு உருட்டிக் காட்ட வேண்டிய தேவையே எழவில்லை. பாடகர்களுக்கு மேடையில் இருக்கும் தோரணை எதுவும் இங்கே இல்லை. தன்னைப் பார்த்து வரையும் முதியவர் ஒருவருக்காகப் பொறுமையாக அமர்ந்திருக்கும் ஓர் இளைஞர் தெரிகிறார். ஸ்டைல்ஸின் புகழை அப்போது மனத்தில் கொள்ளவே இல்லை, ஓவியக்கூடத்துக்கு வந்த மற்றொருவராகவே அவரைப் பார்த்தேன் என்று ஹாக்னி பிற்பாடு சொன்னது இந்த உட்காரும் விதத்தைப் பார்த்தபோது எனக்கு முழுவதும் நம்பத்தக்கதாக இருந்தது.

பிறகு கையை எடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். முகம் பலவீனமாகத்தான் இருக்கிறது. பின்னல் சட்டையில் காட்டிய கவனம் முகத்தில் தளர்ந்திருக்கிறது. யாரென்று பெயர்ச்சீட்டைப் பார்க்காமல் என்னால் சொல்லியிருக்க முடியாது. என் மாணவர் ஒருவர் இதைக் கொண்டுவந்திருந்தால் உடம்புக்கும் உடைக்கும் மனமாரப் பாராட்டிவிட்டு, முகத்தை இன்னொரு தாளில் திரும்ப வரையச் சொல்லியிருப்பேன். பெரிய ஓவியர் என்பதற்காக இதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், முகம் மட்டுமே குறி என்று வைத்துக்கொண்டு படத்தை ஒதுக்கியவர்கள் அந்தச் சட்டையைப் பார்க்காமலேயே போயிருக்கிறார்கள்.

முகம் மட்டுமே இருக்கும் படங்களில் இந்தச் சோதனை உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013 ஜனவரியில் இதே அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்ட, பால் எம்ஸ்லி வரைந்த இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரினின் படம் தலையும் தோளும் மட்டுமே கொண்டது. 31 வயதுப் பெண்ணை வயது கூடியவராகக் காட்டிவிட்டார் என்று அதைக் கடுமையாகக் குறை கூறினார்கள். முகத்துக்கு அப்பால் பார்வையாளருக்கு ஒன்றுமே தராத படம், முகத்தாலேயே வாழவோ வீழவோ வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தை அச்சிலும் திரையிலும் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பதால் அதற்கு மேல் சொல்வது முறையாகாது.

சாயலைப் பற்றி இன்னொரு சொல். எங்கள் பக்கத்தில் எட்டயபுரத்துக்குப் போகிறவர்கள் அங்கே பாரதியாரின் முகத்தைத் தேடுகிறார்கள். அவர் மறைந்தது 1921இல். மிஞ்சிய புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை, எல்லாமே கறுப்பு வெள்ளை. ஆயினும் தலைப்பாகையும் கோட்டும் முறுக்கு மீசையுமாக நம் மனத்தில் நிற்கும் பாரதியை நமக்குத் தந்ததில் ஓவியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர், விடுதலைப் போராட்டத்தில் பங்குகொண்ட ஆர்யா என்கிற பாஷ்யம். பாரதியைப் பொறுத்தவரை ஓவியரின் வேலை ஒரு முகத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதாக இருந்தது. ஹாரி ஸ்டைல்ஸின் முகமோ கைப்பேசிதோறும் கிடக்கிறது. அதை இன்னொருமுறை தருவதற்கு ஓவியர் தேவையில்லை. இரண்டு நாட்கள் அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் அவர் எப்படி இருப்பார் என்பதைப் புகைப்படங்கள் சொல்லவில்லை, இந்தப் படம் ஓரளவு சொல்கிறது. எனவே ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

இனி கண்காட்சிக்கு வருகிறேன். 'டிராயிங் ஃப்ரம் லைஃப்' என்ற அந்தக் கண்காட்சி முதலில் 2020 பிப்ரவரியில் திறந்து, கொரோனாவால் இருபது நாட்களில் மூடப்பட்டது. 2023 நவம்பர் 2இலிருந்து 2024 ஜனவரி 21 வரை மீண்டும் நடந்தபோதுதான், நார்மண்டியில் வரைந்த முப்பதுக்கு மேற்பட்ட புதிய படங்களும் அவற்றில் ஒன்றாக ஸ்டைல்ஸ் படமும் சேர்ந்தன. கண்காட்சியின் முதுகெலும்பு அதுவல்ல. ஹாக்னி ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்த சில மனிதர்கள், அதாவது அவருடைய தாய் லாரா, தோழி சீலியா பர்ட்வெல், நண்பர்கள் கிரெகரி எவன்ஸ், மாரிஸ் பெய்ன், பிறகு அவரே. பென்சில், மை, வண்ணப் பென்சில், ஐபேட் என்று கருவி மாறிக்கொண்டே போக, உட்காருகிறவர்கள் கண்முன்னே மூப்படைகிறார்கள். பிரபலத்தின் படத்துக்குத் தனி மேடை கட்டாமல், அண்டை அயலாரும் நண்பர்களும் இருக்கும் வரிசையில், எல்லோருக்கும் போலப் பெயரும் தேதியும் மட்டும் கொடுத்து வைத்திருந்ததை நான் நேர்மையான ஏற்பாடு என்பேன். படம் சுமார்தான் என்றாலும் கண்காட்சி மிக நன்று என்று நான் சொல்வதற்குக் காரணம் இது.

மகள் நுழைவுச்சீட்டு வாங்கியது ஸ்டைல்ஸுக்காகத்தான். ஆனால் ஹாக்னி தன் தந்தையை இழந்த நாட்களில் தாயைப் பழுப்பு மையால் வரைந்த படத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். சற்று நேரம் கழித்து, "தாத்தா போன மறுநாள் ஆச்சி இப்படித்தான் இருந்தாக, அப்பா" என்றாள். மாடியறையில் படம் எழுதிய அதே தாத்தாவைத்தான் சொன்னாள். இருவரும் அங்கே கிடந்த பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தோம். பிறகு மூடும் நேரத்துக்கு முன் கடைசி அறைக்கு இன்னொருமுறை போனோம். கூட்டத்தில் கைப்பேசிகளுக்கு நடுவே இடம் பிடித்து நின்று, அவள் உள்ளங்கையை நீட்டி முகத்தை மறைத்துக்கொண்டு அந்தச் சிவப்பும் மஞ்சளுமான சட்டையைப் பார்த்தாள்.