அக்கா மகனின் லிசே கட்டணமும் ‘வட்டியில்லாத’ கடனும்

கேள்வி: காரைக்கால்காரன் நான். அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சில் படித்து, வேலை பார்த்து, ஆறு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். மாதச் சம்பளம் 11,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மனைவி வேலைக்குப் போகவில்லை. மகள் இங்குள்ள இருமொழி பிரெஞ்சுப் பள்ளியில் செகோந்த் (பத்தாம் வகுப்பு) முடிக்கப் போகிறாள். தவணைக்கு 9,600 வெள்ளி, ஆண்டுக்கு மூன்று தவணை. இரண்டு வருடமாக அக்கா மகனும் எங்களோடு தங்கி அதே பள்ளியில் படிக்கிறான், இப்போது காத்ரியெம் (எட்டாம் வகுப்பு). அவனுக்குத் தவணைக்கு 9,000. காரைக்காலில் ஒரு மனையை விற்றதும் தந்துவிடுவதாக அக்கா சொல்லியிருக்கிறார். நான் பிரான்சுக்குக் கிளம்பியபோது டிக்கெட்டுக்காகத் தன் ஐந்து பவுன் சங்கிலியை விற்றவர் அவர். மறுக்க முடியவில்லை.

வாடகை 3,700, வீட்டுச் செலவு 2,900, ஊரில் அம்மா அப்பாவுக்கு 600. கடன்பற்று அட்டைகளில் 31,000 வெள்ளி நிற்கிறது. எல்லாம் வட்டியில்லாத பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடுத்த வங்கிக்கு மாற்றிவிடுகிறேன். மகளை மலிவான வேறு பள்ளிக்கு மாற்றலாமா? பிரெஞ்சு பாக் (பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ்) இல்லாவிட்டால் பிரான்சில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்கள் என்று பயமாக இருக்கிறது. அவள் மேற்படிப்புக்காக மாதம் 800 வெள்ளி கட்டும் முதலீட்டுக் காப்புறுதி ஒன்றையும் முகவர் ஒருவர் வற்புறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பள்ளி, மகள் பாக், மகள் மேற்படிப்பு என்று எல்லாக் கேள்வியும் மகளைப் பற்றியே இருக்கிறது. ஆனால் உங்கள் கடனுக்கும் மகளுக்கும் சம்பந்தமே இல்லை.

கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். வாடகை, வீடு, ஊர் மூன்றும் சேர்ந்து 7,200. மிச்சம் 4,300. உங்கள் பட்டியலில் வருமான வரியைக் காணோம். இங்கே வரியைச் சம்பளத்திலேயே பிடிப்பதில்லை என்பதால் பலரும் இப்படித்தான் மறக்கிறார்கள். குடும்பத்துக்கான கழிவுகள் போக ஆண்டுக்கு ஒன்பது, ஒன்பதரை ஆயிரம் வரும். மாதம் 800 என்று வையுங்கள். மிச்சம் 3,500. மகளின் கட்டணம் ஆண்டுக்கு 28,800, அதாவது மாதம் 2,400. அதைக் கட்டிய பிறகும் கையில் 1,100 வெள்ளி நிற்கிறது.

இனி அக்கா மகன். ஆண்டுக்கு 27,000, மாதம் 2,250. 1,100-இல் 2,250 போனால் மாதம் 1,150 பள்ளம். இரண்டு வருடத்துக்கு 27,600. அவனுடைய சேர்க்கைக் கட்டணம், விமான டிக்கெட், வங்கி மாற்றும்போதெல்லாம் கட்டிய கட்டணம் எல்லாம் சேர்த்தால் உங்கள் 31,000 அப்படியே வந்து நிற்கிறது. கடன் எப்படி ஏறியது என்று இனி யோசிக்க வேண்டாம்.

அந்த ‘வட்டியில்லாத’ என்ற சொல்லைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்கூட்டியே ஒரு கட்டணம் பிடிக்கிறார்கள் இல்லையா, அது இரண்டரை சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்கு இரண்டரை, வருடத்துக்கு ஐந்து. 31,000-க்கு ஏறத்தாழ 1,550 வெள்ளி. அதை வட்டி என்று சொல்லாமல் வேறு பெயரில் வாங்குகிறார்கள், அவ்வளவுதான். ஏதாவது ஒரு மாதம் தேதி தவறினாலோ அடுத்த வங்கி மறுத்துவிட்டாலோ அட்டை வட்டி ஆண்டுக்கு 27 சதவீதத்தை ஒட்டி ஓட ஆரம்பிக்கும். மாதம் 700 வெள்ளி. உங்களிடம் மிச்சமே இல்லாத இடத்தில் 700 எங்கிருந்து வரும்? நீங்கள் வேலை அனுமதியில் இருப்பவர், மத்திய சேம நிதியும் கிடையாது. வேலை போனால் அனுமதி போகும், பிள்ளைகளின் பள்ளியும் போகும், கடன் மட்டும் இருக்கும்.

ஆக, பையன் ஜூலையோடு ஊருக்குப் போக வேண்டும். இதைச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும், அதனால் அவன் படிப்புக்கு இதில் என்ன நஷ்டம் என்றும் பார்த்துவிடுவோம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு லிசே, அதாவது பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளி, இருக்கிறது. 1826-இல் தொடங்கியது, பிரெஞ்சு அரசின் வெளிநாட்டுக் கல்வி முகமையே நேரடியாக நடத்துவது. பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எந்த நாட்டில் இருந்தாலும் பாடத்திட்டம் ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நுழைவுத் தேர்வு கிடையாது, இடம் இருந்தால் போதும். இங்கே காத்ரியெம் முடிக்கிறவன் அங்கே துரோவாசியெமில் (ஒன்பதாம் வகுப்பில்) உட்காருவான். ஒன்பதாம் வகுப்பு முடிவில் அதே பிரெவே தேர்வு, அப்புறம் அதே பாக். காரைக்காலில் இருக்கும் அம்மாவுக்கும் சில மணி நேர பஸ் பயணத்தில் பிள்ளை இருப்பான். கட்டணமோ சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் பல மடங்கு குறைவு.

“சிங்கப்பூரில் படித்தால் இங்கிலீஷ் நன்றாக வரும்” என்று அக்கா சொல்வார். வரும்தான். அதற்கு நீங்கள் ஆண்டுக்கு 27,000 வெள்ளி கொடுக்கிறீர்கள் என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதே முகமை வருமானத்தைப் பார்த்துக் கல்வி உதவித்தொகை தருகிறது. பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்க வேண்டும், தூதரகப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், படிக்கும் நாட்டில் தாயோ தந்தையோ சட்டப்படியான காப்பாளரோ கூட இருக்க வேண்டும். மாமா வீட்டில் தங்கிப் படிக்கும் பையனுக்குச் சிங்கப்பூரில் இது கிடைக்காது. பாண்டியில் படித்தால், பெற்றோர் காரைக்காலில் இருப்பதால், பாண்டியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். அதாவது உதவி கிடைக்கக்கூடிய ஊரிலிருந்து பையனைக் கிளப்பி, கிடைக்காத ஊருக்குக் கூட்டி வந்து, முழுக் கட்டணத்தையும் அட்டையில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அத்தான் சொல்தா பென்ஷன்காரரா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் யூரோவில் வரும் அந்தப் பணத்திலிருந்தே பாண்டிக் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் பென்ஷன், வாடகை, நிலம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். விற்கப்போவதாகச் சொல்லும் அந்த மனையையும்தான். மறைத்துப் பிறகு மாட்டிக்கொண்டவர்களின் கதை காரைக்காலில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சங்கிலிக்கு வருகிறேன். அதை நான் லேசாக நினைக்கவில்லை, என்னைப் படிக்க வைத்ததும் அப்படி ஒரு நகைதான். ஆனால் நீங்கள் பணக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அதனால் பணத்திலேயே பார்ப்போம். இன்று பவுன் லட்சம் ரூபாய் என்றே வையுங்கள், ஐந்து பவுனுக்கு ஐந்து லட்சம். இரண்டு வருடத்தில் அவர் மகனுக்காக நீங்கள் கட்டிய பள்ளிக் கட்டணம் மட்டும் 54,000 வெள்ளி. ரூபாயில் 35 லட்சத்தை ஒட்டி வரும். சாப்பாடு, தங்கல், டிக்கெட் கணக்கில் இல்லை. அந்தச் சங்கிலியை ஏழு முறை செய்து போட்டுவிட்டீர்கள். போதாது என்று மனசு சொன்னால், கடன் அடைந்த பிறகு எட்டாவது சங்கிலியை நிஜத் தங்கத்திலேயே வாங்கிக் கொடுங்கள்.

மனை விற்று வரும் பணத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். இரண்டு வருடமாக விற்காத மனை அடுத்த தவணைக்குள் விற்கும் என்பதற்கு எந்த அடையாளமும் உங்கள் கடிதத்தில் இல்லை. வந்தால் நேராகக் கடனுக்குப் போகட்டும். எவ்வளவு தர வேண்டும் என்று அக்காவிடம் ஒரு தாளில் எழுதி வாங்க முடிந்தால் நல்லது. முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

மகளைத் தொடாதீர்கள். செப்டம்பரில் அவள் புருமியேர் (பதினொன்றாம் வகுப்பு) போகிறாள். பாக் மதிப்பெண்ணில் 40 சதவீதம் புருமியேர், தெர்மினால் (பன்னிரண்டாம் வகுப்பு) இரண்டு ஆண்டுகளின் பள்ளி மதிப்பெண்களிலிருந்து வருகிறது. பிரெஞ்சு மொழித் தேர்வு, எழுத்தும் வாய்மொழியும், புருமியேர் கடைசியிலேயே முடிந்துவிடும். மூன்று சிறப்புப் பாடங்களை இந்நேரம் தேர்ந்தெடுத்திருப்பாள், தெர்மினாலில் அதில் இரண்டு நிற்கும். இந்த இடத்தில் பாடத்திட்டத்தை மாற்றினால் கட்டணத்தில் மிஞ்சுவதை டியூஷனில் கொடுப்பீர்கள். இன்னும் இரண்டே வருடம், மாதம் 2,400, உங்கள் சம்பளம் அதைத் தாங்குகிறது என்று மேலேயே பார்த்தோம். தேர்வுக் கட்டணம் என்று பள்ளி தனியாக ஒன்று போடும், அதை மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள், சிங்கப்பூரில் உள்ள தூதரகத்தில். சம்பளம் பெரிது, கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். கட்டும் பள்ளிக் கட்டணத்தையும் ஊரின் விலைவாசியையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், முழுதாக இல்லாவிட்டாலும் ஒரு பகுதி கிடைக்க வாய்ப்பு உண்டு. கிடைக்கும் வரை அதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிரான்சில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்ற பயம் தேவையே இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கட்டணத்தை முடிவு செய்வது குடியுரிமை, கையில் இருக்கும் சான்றிதழ் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு லிசான்ஸ் (இளநிலைப் பட்டம்) படிப்புக்கு 2019-இல் 2,770 யூரோ என்று வைத்தார்கள், பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. உங்கள் மகள் பிரெஞ்சுக்காரி. அவளுக்கு ஆண்டுக்கு 200 யூரோவுக்கும் கீழே, மாணவர் நலக் கட்டணமாக இன்னொரு நூறு சொச்சம். செலவெல்லாம் அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான். பாரிசை விட்டு வேறு ஊர் என்றால் மாதம் 800, 900 யூரோவில் ஓட்டலாம், வாடகைக்கு அரசு உதவியும் கேட்கலாம். வெள்ளியில் 1,300 போல. இப்போது கட்டும் 2,400-ஐ விட அது ஆயிரம் குறைவு. தனியார் வணிகப் பள்ளிதான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தால் கணக்கே வேறு, அப்போது எழுதுங்கள்.

இந்த வரிகளைப் படித்தபோதே அந்த முகவரின் திட்டம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணத்துக்கு, தொடக்க ஆண்டுகளின் சந்தாவில் பெரும்பகுதியைக் கட்டணமாக விழுங்கி, பாதியில் எடுத்தால் அபராதமும் போடுகிற ஒரு பொருளை ஏன் விற்கிறார்கள்? அவர்களுக்கு அதில் கமிஷன் இருக்கிறது. ‘கல்வி’ என்ற சொல்லைத் திட்டத்தின் பெயரில் ஒட்டிவிட்டால் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அஞ்சு சதவீதத்தில் கடன் சுமந்துகொண்டு முதலீடு செய்ய வேண்டாம் என்பது வேறு. ஆயுள் காப்பீடு வேண்டுமென்றால் கடன் அடையும் வரைக்கும் மலிவான டெர்ம் பாலிசி ஒன்று போதும்.

கடனுக்கு வருவோம். சிதறிக் கிடப்பதை ஒரே வங்கியில் மூன்று வருடத் தனிநபர் கடனாக மாற்றுங்கள். விளம்பரத்தில் போடும் சின்ன எண்ணைப் பார்க்காமல், எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மை வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். ஆறு, ஏழு சதவீதத்துக்குள் கிடைத்தால் மாதத் தவணை 950 வெள்ளியைச் சுற்றி வரும். பையன் போன பிறகு கையில் நிற்கும் 1,100-க்குள் அது அடங்கும். இறுக்கம்தான், இரண்டு வருடம் ஊருக்குப் போகும் டிக்கெட்டைக்கூட யோசித்துத்தான் எடுப்பீர்கள். ஆனால் மூன்றாம் வருடம் மகளின் பள்ளிக் கட்டணம் நின்றுவிடும், அப்போது மூச்சு வரும். ஐந்து வருடத் தவணையில் கொடுக்கிறோம், மாதம் குறையும் என்று வங்கி ஆசை காட்டும். வேண்டாம். மாற்றி முடித்த அன்றே ஒரே ஒரு அட்டையை வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடுங்கள், அடுத்த சலுகைக் கடிதம் வருவதற்கு முன்.

அக்காவிடம் பேசுவது உங்கள் வேலை, மனைவியைப் பேச வைக்காதீர்கள். மன்னிப்புக் கேட்டு ஆரம்பித்தால் இன்னொரு தவணை கட்ட வைத்துவிடுவார். “அக்கா, ஜூலைக்கு அப்புறம் அவனுக்குப் பாண்டி லிசேதான். இடம் கேட்டு இந்த வாரமே எழுதுங்கள், விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன்” என்று சொல்லி நிறுத்துங்கள். பையனிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், போனில் அம்மா அழுவதைக் கேட்டு அவன் தெரிந்துகொள்ள வேண்டாம். இங்குள்ள பள்ளிக்கு விலகல் கடிதத்தை அவர்கள் கேட்கும் அவகாசத்துக்குள் எழுத்தில் கொடுங்கள், தாமதமானால் அடுத்த தவணையும் கேட்பார்கள். நம் ஊர் டி.சி. போல ஒரு விலகல் சான்று தருவார்கள், பாண்டியில் அது வேண்டும். கட்டணப் பாக்கி இருந்தால் அந்தச் சான்று இழுத்தடிக்கும். ஆகவே இந்தக் கடைசித் தவணை 9,000-ஐ மட்டும் எப்பாடுபட்டாவது அட்டையில் போடாமல் கட்டிவிடுங்கள்.