புகை அடங்கிய பள்ளத்தாக்கு

அன்புள்ள ஐயா,

ஜூலையில் குடும்பத்தோடு அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். அருவியில் கரடி சால்மன் பிடிப்பதைப் பார்க்க வேண்டும் என்கிறாள் மகள். எனக்குப் ‘பத்தாயிரம் புகைகளின் பள்ளத்தாக்கு’. ஆங்கரேஜிலிருந்து ஒரே நாளில் இரண்டையும் பார்த்துத் திரும்ப முடியுமா?

ஒரு வாசகர், சியாட்டில்

அன்புள்ள நண்பருக்கு,

முடியாது. மகள் ஆசைப்படுவதை மட்டும் என்றால் ஒரு நாளில் எப்படியோ முடித்துவிடலாம்.

உங்கள் ஆசையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே இப்போது புகை இல்லை. 1912 ஜூன் 6 அன்று நோவருப்டா வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய எரிமலை வெடிப்பு. அறுபது மணி நேரம் கக்கிய சாம்பல் பள்ளத்தாக்கை நிரப்பியது. அடியில் புதைந்த ஓடைகளும் பனியும் ஆவியாகிச் சாம்பலைத் துளைத்துக்கொண்டு எழுந்தன. 1916இல் அதைக் கண்ட தாவரவியலாளர் ராபர்ட் கிரிக்ஸ் வைத்த பெயர்தான் உங்களை இழுக்கிறது. அந்தப் புகையைக் காக்கத்தான் 1918இல் அரசு அந்நிலத்தைப் பாதுகாப்பில் கொண்டுவந்தது. சாம்பல் ஆறியது, புகையும் போயிற்று. இன்று கூட்டம் வருவதெல்லாம் கரடிகளுக்காக. இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

சாலை கிடையாது. கிங் சால்மன் வரை விமானம், அங்கிருந்து நீரில் இறங்கும் சிறு விமானம். புரூக்ஸ் முகாமில் கால் வைத்ததும் கரடிப் பாடம் நடத்துவார்கள். தின்பண்டம் எதையும் பையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. என் முறுக்குப் பொட்டலமும் காப்பறைக்குள் போனது. கரடிக்கும் உங்களுக்கும் நடுவே 45 மீட்டராவது வேண்டும். அது பாதையில் படுத்துவிட்டால் எழும்வரை எல்லோரும் நிற்க வேண்டியதுதான். நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம். ஜூலையில் அருவி மேடையில் ஒரே சமயத்தில் நாற்பது பேருக்குத்தான் இடம் என்பதால் அங்கேயும் காத்திருப்பு. ஒருநாள் பயணிக்கு இது கட்டாது.

ஆகவே இரண்டு இரவாவது தங்குங்கள். அறைகளுக்குக் குலுக்கல் உண்டு. கிடைக்காவிட்டால் மின்வேலி போட்ட கூடார மைதானம் இருக்கிறது, அதற்கும் முன்பதிவு வேண்டும். இரண்டாம் நாள் பள்ளத்தாக்குக்குப் பஸ் ஏறுங்கள், 37 கிலோமீட்டர். காடு சட்டென்று முடிந்து, வெளிறிய சாம்பல் வெளி விரியும். லீத்தி ஆறு அதை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அப்பல்லோ விண்வெளி வீரர்களை இங்கே கூட்டிவந்து நிலவுக்குப் பழக்கினார்கள். எனக்கு அருவியைவிட இதுதான் பிடித்தது.

மூக்கை மூட ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யாத நாளில் பலத்த காற்று அடித்தால் 1912ஆம் ஆண்டின் சாம்பல் இன்றும் எழுந்து பறக்கிறது; சில சமயம் கோடியாக் தீவு வரை போய், விமானிகளுக்கு எச்சரிக்கை விடுக்கிறார்கள்.