டிராகுலா மேல் வெயில் பட்டால் என்ன ஆகும்?

கேள்வி: "டிராகுலா மேல் வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவார் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். மூல நாவலில் அப்படி இல்லை என்று எங்கோ படித்த ஞாபகம். எது சரி? இன்று நாம் பார்க்கும் டிராகுலா எங்கிருந்து வந்தார்?"

உங்கள் ஞாபகம்தான் சரி. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா' நாவலில், ரத்தம் குடிக்கும் அந்தப் பிரபு பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலி தெருவில் நிற்கிறார். வண்டிச் சக்கரம் மாதிரி அகலத் தொப்பி போட்டுக் குதிரை வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஓர் அழகியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். 13ஆம் அதிகாரம், எடுத்துக் காட்டுங்கள். பகலில் அவருடைய மாய சக்திதான் சரியாக வேலை செய்யாது. உருவம் மாறுவதென்றால் சூரியன் உதிக்கும்போது, உச்சிப்பொழுதில், மறையும்போது என்று மூன்றே நேரம்தான். மற்றபடி வெயில் அவரை ஒன்றும் செய்வதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் மாறுவேடப் போட்டிக்கு டிராகுலாவாகப் போனேன். பெரியப்பாவின் வக்கீல் கவுன்தான் அங்கி. கோரைப்பல்லுக்கு அம்மா தேங்காய்ச் சில்லைச் சீவி இரண்டு துண்டு செய்துகொடுத்தார். மேடைக்குப் போகும் முறை வருவதற்குள் ஒரு பல்லை நான் தின்றுவிட்டேன். ஒற்றைப் பல்லோடு போய் நின்றதற்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. நாவலைப் படித்தது அதற்கெல்லாம் பல வருடம் கழித்து. படித்ததும் முதலில் தோன்றியது, அந்த வேடமே தப்பு என்பதுதான்.

நாவலில் வருபவர் நீண்ட வெள்ளை மீசை வைத்த கிழவர். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. உள்ளங்கையில் முடி. கோட்டையில் ஒரு வேலைக்காரன்கூடக் கிடையாது. விருந்தாளியாக வந்த ஜோனதன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், பிரபுவே சாப்பாட்டு மேஜையை ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கிறார், அவரே படுக்கையும் விரிக்கிறார். இன்னொரு நாள் மாலை சோபாவில் படுத்துக்கொண்டு இங்கிலாந்து ரயில் கால அட்டவணையைப் படிக்கிறார்! குடிபெயரப் போகிறவர் ரயில் நேரம் பார்த்துவைக்க வேண்டாமா? என்னைக் கேட்டால், சினிமாவில் வரும் எந்த அலறலையும்விட இந்த ரயில் அட்டவணைதான் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, வெயில் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியிலிருந்து. 1922-இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஊமைப்படம் இந்த நாவலின் கதையைத்தான் எடுத்தாண்டது, ஆனால் அனுமதி வாங்கவில்லை. டிராகுலாவை ஓர்லாக் ஆக்கினார்கள், ஊரை மாற்றினார்கள், முடிவையும் மாற்றினார்கள். சேவல் கூவுகிறது, விடியல் வெளிச்சம் படுகிறது, ஓர்லாக் புகையாகக் கரைந்துபோகிறார். ஸ்டோக்கர் அப்போது உயிரோடு இல்லை. அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டார். படக் கம்பெனி அதற்குள் திவால். பணம் பெயராது என்று ஆனதும், பிரதிகளை எல்லாம் அழித்துவிடச் சொல்லிக் கேட்டார். 1925-இல் நீதிமன்றமும் அப்படியே உத்தரவிட்டது. ஆனால் வெளிநாடுகளுக்குப் போய்விட்ட பிரதிகள் தப்பிவிட்டன. வெயிலும் அவற்றோடு சேர்ந்து பிழைத்துக்கொண்டது.

அங்கி கதை இதைவிடச் சுவாரசியம். நாவலில் அங்கி இல்லாமல் இல்லை. கோட்டைச் சுவரில் தலைகீழாக ஊர்ந்து இறங்கும்போது அது இறக்கை மாதிரி விரிகிறது. ஆனால் காதுவரை நிற்கும் அந்தக் காலர் நாடக மேடைக்காகச் செய்தது. 1924-இல் ஹாமில்டன் டீன் இங்கிலாந்தில் இதை நாடகமாகப் போட்டார். ஒரு காட்சியில் எல்லோரும் டிராகுலாவைச் சூழ்ந்து பிடிப்பார்கள், அவரோ மாயமாய் மறைய வேண்டும். நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி நிற்பார். காலர் தலையை மறைத்துக்கொள்ளும். மற்றவர்கள் அங்கியைப் பிடித்திருக்கும்போதே அவர் உள்ளேயிருந்து நழுவி, மேடையில் இருக்கும் ரகசியக் கதவு வழியாகப் போய்விடுவார். கடைசியில் வெறும் அங்கிதான் கையில் மிஞ்சும். உலகம் முழுக்கக் குழந்தைகள் போட்டுக்கொண்டு திரியும் காலர், ஒரு ஆளின் பின்மண்டையை மறைக்கத் தைத்தது!

அந்த நாடகம் 1927-இல் அமெரிக்காவுக்குப் போனபோது டிராகுலாவாக நடித்தவர் ஹங்கேரிக்காரர் பெலா லுகோசி. 1931-இல் ஹாலிவுட் படத்திலும் அவரே. மாலை விருந்து உடை டீனின் நாடகத்திலேயே வந்துவிட்டது. சீவி ஒட்டிய தலைமுடி, நிறுத்தி நிறுத்திப் பேசும் ஆங்கிலம் இரண்டும் அவர் கொண்டுவந்தவை. ஒன்றை மட்டும் கவனியுங்கள், அந்தப் படத்தில் அவருக்குக் கோரைப்பல்லே கிடையாது! நாவலில் உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பல், 1958-இல் கிறிஸ்டோஃபர் லீ நடித்த பிரிட்டிஷ் படத்தில்தான் சிவந்த கண்ணோடும் வண்ண ரத்தத்தோடும் பளிச்சென்று திரும்பி வந்தது. அதே படத்தின் முடிவில் திரைச்சீலையைக் கிழித்து இறக்கி, உள்ளே விழும் வெயிலில் அவரைப் பொடியாக்குவார்கள். உங்கள் மகன் சொல்லும் சாம்பல் இந்த வழியாக வந்ததுதான்.

நம் ஆட்கள் இவருக்கு 'ரத்தக் காட்டேரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காட்டேரி பாவம், அவளுக்குப் படையல் போட்டுக் கும்பிடும் குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. இவரோடு அவளை ஏன் சேர்த்தார்களோ!

லுகோசியின் பாடுதான் மனசுக்குக் கஷ்டமானது. 1931 படத்துக்கு அவருக்குக் கிடைத்தது வாரம் 500 டாலர், ஏழு வாரம். 1956-இல் இறந்தபோது டிராகுலா அங்கியோடேயே அடக்கம் செய்தார்கள். அவர் முகத்தைப் பொம்மையிலும் முகமூடியிலும் போட்டு விற்க ஸ்டூடியோ உரிமம் கொடுத்ததை எதிர்த்து மகனும் மனைவியும் வழக்குப் போட்டார்கள். அந்த உரிமை அவரோடு போய்விட்டது என்று 1979-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிற்பாடுதான் அந்த மாநிலம் சட்டத்தை மாற்றியது.

அப்புறம், மகனிடம் 13ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள், கடைசி அதிகாரத்தையும் காட்டுங்கள். அங்கே டிராகுலா நிஜமாகவே பொடியாகிப் போகிறார், அதுவும் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும்போது. ஆனால் அவர் கதையை முடிப்பது வெயிலும் இல்லை, நெஞ்சில் அடிக்கும் மர முளையும் இல்லை. அவர் நெஞ்சில் ஓர் அமெரிக்கன் இறக்கும் வேட்டைக் கத்தியும், அவர் கழுத்தை ஜோனதன் அறுக்கும் குக்ரி என்ற கூர்க்காக்களின் கத்தியும்தான்.