பேரன் ஏன் மூன்றாம் அத்தியாயத்தில் மூடி வைத்தான்?

கேள்வி: ரப்பர் தோட்டத்துச் சிறுவன் ஒருவனை வைத்து முதன்முதலாகச் சிறார் நாவல் எழுதியிருக்கிறேன். 40,000 சொற்கள். முதல் மூன்று அத்தியாயங்களில் தோட்டம், வீடு, தாத்தா காலத்துக் கதை. கடைசியில் சிக்கலை மாமா தீர்த்து வைக்கிறார். பத்து வயதுப் பேரன் மூன்றாவதோடு மூடி வைத்துவிட்டான். நம்ம ஊர்ப் பேச்சை எவ்வளவு சேர்க்கலாம்?
– குலசேகரம் வாசகி

பதில்: சிறுவனுக்கு எது வேண்டும் என்பது மூன்று அத்தியாயம் கழிந்தும் பேரனுக்குத் தெரியவில்லை, அதுதான் காரணம். முதல் இரண்டு பக்கத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். உங்கள் களத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. ஜூன் மழை பிடித்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நிற்கும், அப்பாவுக்குக் கூலி இல்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டப் பத்து நாள்தான் பாக்கி. சிறுவன் ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டி உறைந்த ரப்பர் பால்) பொறுக்கி விற்கப் பார்க்கிறான். அது தோட்ட முதலாளியின் சொத்து என்று தெரியவருகிறது. இனி என்ன செய்வான்? அதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். மாமா உதவட்டும், தீர்த்து வைக்கக் கூடாது. பெரியவர் தீர்த்து வைத்த இடத்தில் பிள்ளைக்குக் கதை கைவிட்டுப் போகிறது. தாத்தா காலம் அவசியமானால், சிறுவன் அவரிடம் ஏதாவது கேட்கப் போகும் இடத்தில் நாலு வரி வரட்டும்.

இந்த வயதுக்கு 15,000 முதல் 20,000 சொற்கள் தாராளம். அத்தியாயம் 1,000 சொல்லைச் சுற்றி இருந்தால் ஒரே மூச்சில் வாசிக்கலாம்.

ஊர்ப் பேச்சை உரையாடலில் தயங்காமல் விடுங்கள். கதை சொல்லும் நடை பொதுத் தமிழாக இருக்கட்டும். 'சாடு' என்றால் குதி என்று தஞ்சாவூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதாதீர்கள். "சாடுலே!" என்றதும் அவன் ஓடைக்குள் குதித்தான் என்று அடுத்த வரி வந்தால் போதும். ஒரே சொல்லை ஓரிடத்தில் 'எங்கோட்டு', வேறிடத்தில் 'எங்கட்டு' என்று எழுதினால் வாசிக்கும் பிள்ளை தடுமாறும். வட்டாரச் சொற்களை எழுத்துக்கூட்டலோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். 'போய்க்கொண்டிருந்தபோதுதான்' போன்ற நீளச் சொற்களை உடையுங்கள். பிள்ளையின் மூச்சு அங்கேதான் முட்டும்.

கடற்கரைக்குக் கதை போனால் மாதத்தைப் பாருங்கள். மேற்குக் கரையான குளச்சலில் மீன்பிடித் தடையால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது. கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூன் 20 அன்று குளச்சலிலிருந்து விசைப்படகை அனுப்பினால் கரையோரப் பிள்ளை அந்த வரியிலேயே பிடித்துவிடும்.

திருத்திய பிறகு பேரனிடம் மட்டும் கொடுக்காதீர்கள். உங்களைத் தெரியாத நாலைந்து பிள்ளைகளுக்கு வேறொருவர் உரக்க வாசிக்கட்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் நெளியும் வரிகளில் பென்சிலால் கோடு போடுங்கள். "பிடிச்சுதா?" என்று கேட்டால் பாட்டி மனசு நோகாமல் ஆமாம் என்பார்கள். "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள்.