மும்மூன்று ஏழு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரிணாம முறையில் (சுற்றுகளைத் தற்செயலாக மாற்றி, நல்ல மதிப்பெண் வாங்கியவற்றை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்வது) மின்சுற்று வடிவமைப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் முயன்றேன். இரண்டு பிட் எண்கள் இரண்டைப் பெருக்கும் சுற்று. ஆண்ட் (இரண்டும் 1 என்றால் 1), ஆர் (ஒன்றாவது 1 என்றால் 1), நாட் (0-ஐ 1-ஆக, 1-ஐ 0-ஆக மாற்றுவது) கேட்டுகள் மட்டும்; 12 கேட்டுக்கு இடம். தலைமுறைக்கு 200 சுற்றுகள், கிராஸ்ஓவர் (இரண்டு சுற்றை வெட்டி ஒட்டுவது), மியூட்டேஷன் (தற்செயல் மாற்றம்) எல்லாம் உண்டு. விடையில் சரியான பிட் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், மொத்தம் 64. முதல் தலைமுறையிலேயே 50 வந்துவிடுகிறது, ஆனால் 61-இல் நின்றுபோகிறது. 3×3-க்கு 7 என்கிறது. மற்ற எல்லாப் பெருக்கலும் சரி. எங்கே தவறு? இது முடிந்ததும் ஏட்ரியன் தாம்சன் செய்ததுபோல ஐஸ்40 எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றி எழுதக்கூடிய சிப்) போர்டிலேயே நேரடியாகச் செய்யலாமா? மென்பொருள் பிழைகளையும் இந்த முறை தானே திருத்தும் என்கிறார்களே, உண்மையா?

கா. வி., ஓசூர்

அன்புள்ள கா. வி.,

முதலில் அந்த 50-ஐப் பார்ப்போம். 16 வரிசை, வரிசைக்கு 4 பிட் என்று விடை அட்டவணையை எழுதிப் பாருங்கள். 64 பிட்டில் 1 வருவது 14 இடங்களில்தான். எதுவுமே கணக்கிடாமல் எப்போதும் 0 தருகிற சுற்றுக்கே 50 கிடைத்துவிடும். வெறும் விடைத்தாளைக் கொடுத்தவருக்கு 64-க்கு 50! ஆகவே உங்கள் பரிணாமம் உண்மையில் ஏறியது 11 படி; பாக்கி 3.

அந்த மூன்றும் ஒரே வரிசையில் இருப்பது தற்செயல் அல்ல. ஓர் எண்ணின் பிட்டுகளை ஏ1, ஏ0 என்றும், மற்றதன் பிட்டுகளை பி1, பி0 என்றும் வைத்துக்கொள்வோம்; நடுவில் புள்ளி வைத்தால் ஆண்ட். கடைசி பிட் ஏ0·பி0. அடுத்த பிட்டுக்கு ஏ1·பி0, ஏ0·பி1 இரண்டையும் ஆர் செய்தால் 3×3 தவிர எல்லா இடத்திலும் சரி. மூன்றாவதற்கு ஏ1·பி1 போதும், அதுவும் 3×3-இல் மட்டும்தான் தவறும். நான்காவது பிட் 1 ஆவதே 3×3-இல்தான். அதை 0 என்று விட்டுவிட்டால் இழப்பு ஒரு மதிப்பெண். நான்கு ஆண்ட், ஓர் ஆர், ஒரு சுழியம்: விடை 7, மதிப்பெண் 61. இதே சுற்றைக் குல்கர்னி, குப்தா, எர்செகோவாக் மூவரும் 2011-இல் சென்னையில் நடந்த விஎல்எஸ்ஐ டிசைன் என்ற சிப் வடிவமைப்பு மாநாட்டுக் கட்டுரையில் வேண்டுமென்றே வடிவமைத்துக் காட்டினார்கள். படச் செயலாக்கம் போன்ற வேலைகளில் சிறு பிழையைப் பொறுத்துக்கொண்டு மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக. நீங்கள் கேட்காமலே அது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இனி அங்கிருந்து ஏன் நகரவில்லை என்பது. 3×3-ஐத் திருத்த நான்கு உள்ளீட்டு பிட்டும் 1-ஆக இருப்பதைக் கண்டுபிடிக்கும் ஒரு கேட் வேண்டும். அது விடையின் நான்காவது பிட்டைத் தரும். அதைத் தலைகீழாக்க ஒரு நாட், அந்த நாட் கேட் தருவதை இரண்டாம், மூன்றாம் பிட்டுகளோடு சேர்க்க இரண்டு ஆண்ட். இதில் நாட் வந்து உட்காரும் தலைமுறையில் மதிப்பெண் ஏறாது. அடுத்த மாற்றம் வந்து அதைப் பயன்படுத்தும்போதுதான் ஏறும். மதிப்பெண் கூடினால்தான் ஏற்பேன் என்று நிரல் எழுதியிருந்தால் அந்த நாட் அன்றே செத்துவிடும். 12 கேட்டில் பாதிக்கு மேல் வேலையில் இருப்பதால் அது தங்க காலியிடமும் குறைவு.

எனவே ஜூலியன் மில்லரின் கார்ட்டீசியன் மரபணு நிரலாக்கத்துக்கு மாறுங்கள். 200 பேர் கூட்டம் வேண்டாம். ஒரு பெற்றோர், நான்கு பிள்ளைகள். கிராஸ்ஓவரை எடுத்துவிடுங்கள். கேட்டுகள் ஒன்றையொன்று எண்ணால் குறிப்பவை. இரண்டு சுற்றை வெட்டி ஒட்டினால் அந்த எண்கள் வேறு எதையோ குறிக்கும். 12-க்குப் பதில் 50 கேட் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உள்ளீடு, ஒரு வகை, கடைசியில் நான்கு வெளியீடு: மொத்தம் 154 மரபணு. பிள்ளைக்கு மூன்று நான்கு மரபணுவை மாற்றினால் போதும். பிள்ளையின் மதிப்பெண் பெற்றோருடையதற்குச் சமமாக இருந்தாலும் பிள்ளையையே அடுத்த பெற்றோராக்குங்கள். இந்த ஒரு வரியை விட்டால் மற்றதெல்லாம் வீண். ஒரே ஓட்டத்தை நாள் கணக்கில் ஓட விடுவதைவிட, வேறு வேறு தொடக்க எண்ணில் பல குறுகிய ஓட்டங்கள் நல்லது.

வேகத்துக்கு: 16 வரிசையையும், வரிசைக்கு ஒரு பிட்டாக, ஒரே முழு எண்ணில் அடைத்துவிடலாம். ஏ1 = 65280, ஏ0 = 61680, பி1 = 52428, பி0 = 43690. ஒவ்வொரு கேட்டும் ஒரே பிட்வைஸ் கணக்கு. கடைசி பிட் 41120 ஆகவும், நான்காவது பிட் 32768 ஆகவும் வந்தால் அந்த இரண்டு வெளியீடும் சரி.

64 வந்த பிறகு, வரும்வரை அல்ல, கேட் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்-ஆர் (இரண்டில் ஒன்று மட்டும் 1 என்றால் 1) கேட்டையும் சேர்த்துக் கொடுத்தால் 7 கேட்டில் முடியும். பாடப்புத்தகச் சுற்றில் நான்கு ஆண்ட், இரண்டு அரைக்கூட்டி (ஒவ்வொன்றிலும் கூட்டலுக்கு ஓர் எக்ஸ்-ஆர், கேரிக்கு ஓர் ஆண்ட்), ஆக 8. முதல் அரைக்கூட்டியின் கேரி 1 ஆவது நான்கு உள்ளீட்டு பிட்டும் 1-ஆக இருக்கும்போதுதான். அதை மறுபடி ஏ1·பி1-ஓடு ஆண்ட் செய்வதால் எதுவும் மாறாது. கேரிதான் நான்காவது பிட். எட்டாவது கேட் தண்டம்.

பெரிய பெருக்கிக்கு இதே வழியில் போகலாம் என்று நினைக்காதீர்கள். 4 பிட்டுக்கு 256 வரிசை, 8 பிட்டுக்கு 65,536. அங்கே வெறுமையிலிருந்து தொடங்காமல், சரியாக வேலை செய்யும் சுற்றை விதையாகக் கொடுத்துச் செதுக்க விடுவதே நடைமுறை.

போர்டுக்கு வருகிறேன். தாம்சன் 1996-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்சி6216 என்ற எஃப்பிஜிஏ சிப்பின் ஒரு மூலையில் 10×10 செல்களை எடுத்துக்கொண்டார். 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் ஒலிகளைப் பிரித்தறிய வேண்டும். கடிகாரத் துடிப்பு கிடையாது. 1800 பிட் மரபணு, 50 பேர். ஒருவரைச் சோதிக்க 5 வினாடி. ஒலிகளை மாறி மாறிக் கொடுக்காமல் குலுக்கல் வரிசையில் கொடுத்தார். இல்லையென்றால் சுற்று ஒலியைக் கேட்காமலே மாறி மாறிப் பதில் சொல்லக் கற்றுவிடும். சுமார் 5000 தலைமுறை, இரண்டு மூன்று வாரம். வெளியீட்டோடு எந்த இணைப்பும் இல்லாத சில செல்களை முடக்கியபோதும் சுற்று தடுமாறியது. சிப்பின் வேறு இடத்துக்கு நகர்த்தியபோதும் தடுமாறியது. அது லாஜிக்கை அல்ல, அந்த சிலிக்கன் துண்டின் இயற்பியலைப் பயன்படுத்தியிருந்தது. 2002-இல் பேர்ட், லேசெல் என்ற ஆய்வாளர்கள் பரிணாமத்திடம் அலையாக்கி (சீரான மின் அலையை உண்டாக்கும் சுற்று) கேட்டபோது பக்கத்துக் கணினிகளின் அலையைப் பிடிக்கும் ரேடியோ கிடைத்தது.

எக்ஸ்சி6216-இல் எந்த பிட் வரிசையைப் போட்டாலும் சிப் கெடாது. இன்றைய சிப்களில் அந்த உத்தரவாதத்தை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வெளியீடுகள் ஒரே கம்பியில் மோதலாம். ஐஸ்40-இன் பிட் அமைப்பை ஐஸ்ஸ்டார்ம் திட்டம் வெளிப்படையாக்கியிருக்கிறது. ஆனாலும் கம்பி இணைப்புகளை அப்படியே வைத்துவிட்டு, ஒவ்வொரு லுக்-அப் டேபிளின் (உள்ளீட்டுக்கு என்ன விடை என்று வைத்திருக்கும் சிறு அட்டவணை) 16 பிட்டை மட்டும் பரிணாமத்துக்கு விடுங்கள். பிளாஷ் மெமரியில் எழுதாமல் நேராக சிப்பின் எஸ்ரேமில் (மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்கும் நினைவகம்) ஏற்றுங்கள். 50 பேர், 5000 தலைமுறை என்றால் 2,50,000 எழுத்து. பிளாஷ் பொதுவாக ஒரு லட்சம் அழிப்புக்குத்தான் உத்தரவாதம் தருவார்கள். முதலிடத்தில் இருப்பவரையும் ஒவ்வொரு தலைமுறையிலும் மறுபடி அளந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருமுறை அதிர்ஷ்டத்தில் மதிப்பெண் வாங்கியவர் ராஜாவாகவே இருப்பார். இரண்டு மூன்று போர்டில், ஏசி ஓடும்போதும் ஓடாதபோதும் சோதித்து, சராசரியை அல்ல, மோசமான மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் கேள்விக்குச் சுருக்கமாக. ஜென்ப்ராக் என்ற கருவி நிரலில் உள்ள வரிகளையே அழித்தும் நகலெடுத்தும் ஒட்டுப் போடும். 105 பிழைகளில் 55-ஐத் திருத்தியது, ஒன்றுக்கு 8 டாலர் செலவு என்று 2012-இல் அறிவித்தார்கள். 2015-இல் எம்ஐடியில் அந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது 2 பிழைகளுக்கான திருத்தம்தான் சரி என்று தெரிந்தது. பல ஒட்டுகள் தொல்லை கொடுத்த வசதியையே நீக்கிவிட்டு டெஸ்டைத் தாண்டியவை. உங்கள் சுற்று நான்காவது பிட்டை 0 என்று விட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாஎவால்வ் என்ற பரிணாம முறைக் கருவி 2025-இல் 4×4 சிக்கலெண் அணிகளை 48 பெருக்கலில் பெருக்கும் வழியைக் கண்டது. ஸ்ட்ராசனின் 1969 முறைக்கு 49 தேவை. அங்கே விடை சரியா என்று கடைசி எண் வரை சோதிக்க முடியும். ஒரு வங்கி மென்பொருளுக்கு அப்படியொரு சோதனையை யாராவது எழுதித் தந்தால் அங்கும் முயலலாம்.