645 அல்ல, 595தான் என்னை உறுத்தியது

மதிப்பிற்குரிய அம்மா,

சனிக்கிழமை மாலை தி.நகர் அலுவலகத்துக்கு வந்ததும் நீங்கள் முதலில் நீட்டியது, மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வின் மாதிரித் தேர்வில் உங்கள் மகள் எடுத்த 645 என்று அச்சிட்ட தாளை. "இவள் மாமன் மகன் 2019இல் 700 வாங்கினான், இவள் இவ்வளவுதானா?" என்று கேட்டீர்கள். உங்கள் மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று கூட்டம் அதிகம், நிதானமாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு மதிப்பெண்ணும் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல. பழைய ஜிமேட்டில் மொத்த மதிப்பெண் 200 முதல் 800 வரை, கடைசி இலக்கம் 0. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவத்தில் 205 முதல் 805 வரை, கடைசி இலக்கம் 5. தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பின் ஒப்பீட்டு அட்டவணைப்படி இன்றைய 645, அன்றைய 700க்கு நிகர். அந்தப் பையனும் உங்கள் பெண்ணும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள். அடுத்த கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

என்னை உறுத்தியது அடியில் மடித்து வைத்திருந்த இரண்டாவது தாள். பத்தே நாளில் 595. கவனம் சிதறிவிட்டது என்று போனைப் பிடுங்கி வைத்திருக்கிறீர்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அம்மா, குற்றவாளி அது அல்ல.

ஒவ்வொரு கேள்விக்கும் ஆன நேரத்தை அவளிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தரவுகளை அலசி விடை காணும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் 45 நிமிடத்துக்கு 20 கேள்விகள். மூன்றே கேள்விகள் 17 நிமிடத்தை விழுங்கியிருக்கின்றன. கடைசி நான்கை அவள் தொடவே இல்லை.

இது ஐ.ஐ.எம்.களில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வு விட்டுச் சென்ற பழக்கம். போன நவம்பரில் அவள் எழுதிய கேட்டில் சரியான விடைக்கு 3, கொள்குறி வினாவில் தவறினால் 1 கழிவு. அங்கே தெரியாத கேள்வியைத் தாண்டிப் போவதே சாமர்த்தியம். ஜிமேட்டிலோ விடையைக் குறிக்காமல் அடுத்த கேள்வி திறக்காது. தாண்டிப் போக வழியில்லை, தோராயமாகக் குறிக்க மனமில்லை, அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். ஆனால் இந்தத் தேர்வில் முடிக்காமல் விட்ட கேள்விகள்தான் மதிப்பெண்ணைப் பலமாக இழுக்கும். முதல் பத்துக் கேள்விகளே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியும் இருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. அந்தப் பேச்சை நம்பித் தொடக்கத்தில் நேரத்தைக் கொட்டிவிட்டுக் கடைசியில் தவித்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

அவளிடம் ஒரே ஒரு விதி சொல்லியிருக்கிறேன். மூன்று நிமிடம் ஆகியும் வழி தெரியவில்லையா, இருப்பதில் நியாயமாகத் தோன்றும் விடையைக் குறித்து, அடையாளமிட்டு நகர வேண்டும். பகுதியின் முடிவில் நேரம் மிஞ்சினால் திரும்பி வந்து மூன்று விடைகள் வரை மாற்றலாம். அந்த மூன்று கேள்விகளில் இப்படி நகர்ந்திருந்தால் 8 நிமிடம் மிஞ்சியிருக்கும், விட்டுப்போன நான்குக்கும் தலா இரண்டு நிமிடம்.

கடிகாரத்தை ஒவ்வொரு கேள்விக்கும் பார்த்தால் பதற்றம்தான் மிஞ்சும். கணிதப் பகுதியான குவான்ட்டிலும் அதே 45 நிமிடம்தான், 21 கேள்விகள். ஏழு முடிந்ததும் 30 நிமிடமும், பதினான்கு முடிந்ததும் 15 நிமிடமும் கையில் இருக்க வேண்டும். அந்த இரண்டு இடத்தில் பார்த்தால் போதும். ஆங்கில வாசிப்பைச் சோதிக்கும் வெர்பலில் 23 கேள்விகள், அதில் அவளுக்குத் தடுமாற்றம் இல்லை. இன்னொன்று, விடைகள் சரியாகச் சரியாகக் கேள்விகள் கடினமாகும். "போகப் போகக் கஷ்டமாக இருந்தது" என்று அவள் வந்து சொன்னால் முகம் வாடாதீர்கள்.

அடுத்த மாதிரித் தேர்வு ஞாயிறு காலை. இரண்டேகால் மணி நேரமும் கதவைத் தட்ட வேண்டாம். நடுவே 10 நிமிட இடைவேளை ஒன்று உண்டு. காபியை அப்போது கொடுங்கள். மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், எத்தனை கேள்விகளை விட்டாள் என்று கேளுங்கள்.