பதில்: செட்டாப் பாக்ஸிலிருந்து சீரியலைப் பதிவு செய்ய எந்த மென்பொருள்?

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மாறியதும் டிவி பதிவு செய்ய உதவிய விண்டோஸின் மீடியா சென்டர் போய்விட்டது, அம்மாவின் 8 மணி சீரியலை கேபிள் பாக்ஸிலிருந்து பதிவு செய்ய நெக்ஸ்ட்பிவிஆர் என்ற டிவி பதிவு மென்பொருள் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

நெக்ஸ்ட்பிவிஆர் அருமையான மென்பொருள்தான். ஆனால் கணினியில் பொருத்தும் ட்யூனர் கார்டு (டிவி சிக்னலை வாங்கும் அட்டை) சேனலை நேரடியாகப் பிடித்தால்தான் அதன் முழுப் பலனும் கிடைக்கும். கேபிள் சேனல்கள் பூட்டோடு வருகின்றன. திறப்பது உங்கள் பாக்ஸ்தான். அதனால் பாக்ஸிலிருந்து வெளிவரும் படத்தை அப்படியே கணினியில் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டுடியோவே உங்களுக்குச் சரி. முற்றிலும் இலவசம்.

எச்டிஎம்ஐ வழியாக எடுத்தால் பெரும்பாலும் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு தடுத்து, கறுப்புத் திரைதான் வரும். பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயரை யுஎஸ்பி கேப்சர் கருவியில் (வரும் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவி) செருகி, அதை ஓபிஎஸ்ஸில் சோர்ஸாகச் சேருங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் அந்த சோர்ஸின் அமைப்பில் வீடியோ ஸ்டாண்டர்டை நம் நாட்டு டிவி முறையான பால்-பி ஆக்குங்கள். ஆள் அசையும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். சோர்ஸில் ரைட் கிளிக் செய்து டீஇன்டர்லேஸிங் (அந்தக் கோடுகளை நீக்கும் வசதி) பட்டியலில் யாடிஃப் கொடுத்தால் போய்விடும்.

பதிவுக் கோப்பின் வகையைச் சாதாரண எம்பி4-இல் வைக்கவே வேண்டாம், எம்கேவியில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் அந்த எம்பி4 கோப்பு திறக்காமலே போகலாம். எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பிக்கும். வீடியோ பிட்ரேட்டை (ஒரு நொடிக்குப் பதிவாகும் தரவின் அளவு) 2500 கேபிபிஎஸ் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.1 ஜிபி.

குறித்த நேரத்தில் தானாகப் பதிவைத் தொடங்கும் வசதி ஓபிஎஸ்ஸில் இல்லை. குறித்த நேரத்தில் மென்பொருளைத் திறக்கும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து, ஆர்கியுமென்ட் கட்டத்தில் இரண்டு சிறு கோடு போட்டு 'ஸ்டார்ட்ரெக்கார்டிங்' என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் எழுதுங்கள் (--startrecording). 'ஸ்டார்ட் இன்' கட்டத்தில் ஓபிஎஸ் இருக்கும் ஃபோல்டரைக் கொடுக்காவிட்டால் திறக்கும்போதே பிழை காட்டும். நிறுத்துவதற்கு ஓபிஎஸ்ஸிலேயே அவுட்புட் டைமர் இருக்கிறது. பாக்ஸை மட்டும் அந்தச் சேனலிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.